திரையில் ஓடும் எஞ்சினுக்கு வர்ணம் பூசுதல்

ஆர்.கே.புரம் என்று சுருக்கமாக வழங்கப்படும் ராமகிருஷ்ணபுரத்தில், ஐந்தாம் செக்டாரில் தில்லித் தமிழ்ச் சங்கமும், ஏழாம் செக்டாரில் மலை மந்திர் என்று தில்லிவாசிகள் அனைவரும் அழைக்கும் சுவாமிநாத சுவாமி ஆலயமும் நிலைபெற்ற நாள் தொட்டு, மத்திய சர்க்கார் உத்தியோகத்தின் நிமித்தம் வந்து குடியேறிய தமிழ்க் குடும்பங்களின் வருஷக் கணக்கே, கோடை விடுமுறைக்கு ஊர் செல்லும் ரயிலை வைத்துத்தான் போடப்பட்டு வந்தது. ஜி.டி. எக்ஸ்பிரஸிலும், 1976-ஆம் ஆண்டு ஓடத் தொடங்கிய தமிழ்நாடு எக்ஸ்பிரஸிலும் ஏறத்தாழ 2,180 கிலோமீட்டர் பிரயாணம் செய்து வளர்ந்த குழந்தைகளுக்கு, எந்த எஞ்சின் எந்தப் பராமரிப்பு ஷெட்டைச் சேர்ந்தது என்பது எவரும் சொல்லிக்கொடாமலே மனப்பாடமாகிவிடும். போதாததற்கு, சரோஜினி நகர் வழியாகச் செல்லும் ரிங் ரயில்வேப் பாதை அருகிலேயே இருக்கிறது. சாணக்கியபுரியில் 1977-இல் திறக்கப்பட்ட தேசிய ரயில் அருங்காட்சியகமும் அதிக தூரமில்லை.

அந்த அருங்காட்சியகத்தில், பார்வையாளர் தாமே எஞ்சின் ஓட்டிப் பார்க்கும் சிமுலேட்டர்கள் உண்டு. அவற்றில் சில நிமிஷங்கள் அமர்ந்து எழுந்த பிள்ளை, வீட்டுக்கு வந்ததும் கம்ப்யூட்டரில் அதே வித்தையைத் தேடுவது இயல்பு. தேடிக் கண்டடைந்த பின் அவனுக்கு எழும் முதற் குறை, நம் நாட்டு எஞ்சின் அதில் இல்லையே என்பது. யாரோ ஒரு புண்ணியவான் அதையும் செய்து வைத்திருப்பதைக் கண்டுபிடித்த பின் எழும் இரண்டாவது குறை, அந்த எஞ்சின் தான் ஸ்டேஷனில் பார்த்த வர்ணத்தில் இல்லையே என்பது. இந்த இரண்டாவது குறையைத் தீர்க்கும் முறைக்கு ரசிகர்கள் ‘ரீபெயிண்ட்’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள். பிள்ளை விளையாட்டு என்று பெரியவர்கள் ஒதுக்கிவிடும் இந்தக் காரியத்தின் அடியில், கணிதமும் ஒளியியலும் மனிதர் ஒருவருக்கொருவர் காட்ட வேண்டிய மரியாதையும் கலந்து கிடக்கின்றன என்பதால், அதைச் சற்று விரிவாகவே நோக்குவது தகும்.

2001-ஆம் ஆண்டு மைக்ரோசாஃப்ட் நிறுவனம் வெளியிட்ட ‘டிரெயின் சிமுலேட்டர்’ என்னும் விளையாட்டில் ஆறு பாதைகள் இருந்தன. அமெரிக்காவில் இரண்டு, ஜப்பானில் இரண்டு, இங்கிலாந்திலும் ஆஸ்திரியாவிலும் ஒவ்வொன்று. உலகின் மிகப் பெரிய ரயில் அமைப்புகளுள் ஒன்றாகிய நம்முடையதற்கு அதில் ஓரடி தண்டவாளம்கூடக் கிடையாது. ஆயினும் அதை இயற்றியவர்கள் செய்த ஒரு நற்காரியம், எஞ்சினையும் பெட்டியையும் பாதையையும் பற்றிய விவரங்களை, வெளியார் திறந்து பார்த்து மாற்றக்கூடிய தனித்தனிக் கோப்புகளாக வைத்ததுதான். அந்தத் திறந்த வாசல் வழியாகவே இந்திய ரசிகர்கள் டபிள்யூ.டி.எம்.-2 டீசல் எஞ்சினையும், டபிள்யூ.ஏ.பி.-4, டபிள்யூ.ஏ.பி.-7 மின்சார எஞ்சின்களையும் தம் சொந்த உழைப்பால் உள்ளே கொண்டுவந்து சேர்த்தார்கள். அந்த விளையாட்டின் இரண்டாம் பாகத்தை 2009-இல் நிறுவனம் கைவிட்டபோதும் அவர்களுடைய உழைப்பு வீண்போகவில்லை. பழைய கோப்புகளை அப்படியே படித்து ஓட்டும் ‘ஓப்பன் ரெயில்ஸ்’ என்ற இலவச மென்பொருள், தன்னார்வலர்களால் வளர்க்கப்பட்டு, 2015-இல் முதற் பதிப்பாக முழு வடிவம் பெற்றது. இன்றைக்கும் ஒரு பழைய எஞ்சினுக்குப் புது வர்ணம் பூச விரும்பும் மாணவனுக்கு இதைவிடச் சிறந்த பள்ளிக்கூடம் இல்லை என்பது என் அபிப்பிராயம்.

திரையில் நாம் காணும் எஞ்சினுக்கு உடல் வேறு, தோல் வேறு. உடல் என்பது, முக்கோணங்களைப் பக்கம் பக்கமாக ஒட்டிச் சமைத்த ஒரு வெற்றுக் கூடு. அதற்கு நிறம் கிடையாது, எழுத்துக் கிடையாது, அழுக்கும் கிடையாது. தோல் என்பது ஒரு தட்டையான சித்திரம். அதைத்தான் டெக்ஸ்சர் என்கிறார்கள். தட்டைச் சித்திரத்தை வளைந்த உடலின்மேல் போர்த்தும் இந்த உபாயத்தை, எட்வின் கேட்மல் என்பவர் அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழகத்தில் 1974-இல் சமர்ப்பித்த தம் ஆராய்ச்சி நூலில் முதன்முதலாக வகுத்துக் காட்டினார். தைத்த சட்டையின் தையல்களையெல்லாம் பிரித்து, முன்பாகம், முதுகு, கை, கழுத்துப்பட்டை என்று மேஜைமேல் பரப்பி வைத்தால் எப்படித் தோன்றுமோ, அப்படித்தான் எஞ்சினின் பக்கச் சுவர், முகப்பு, கூரை, சக்கரச் சட்டம் ஆகியவை அந்தச் சதுரச் சித்திரத்தில் தனித்தனித் துண்டுகளாகப் பரந்து கிடக்கும். முக்கோணத்தின் ஒவ்வொரு மூலைக்கும், சித்திரத்தில் அது எந்த இடத்துக்கு உரியது என்று இரண்டு எண்கள் குறிக்கப்பட்டிருக்கும். இடைப்பட்ட புள்ளிகளைக் கம்ப்யூட்டர் கணக்கிட்டு நிரப்பிக்கொள்ளும். ஆகவே ரீபெயிண்ட் செய்பவன் உடலைத் தொடுவதேயில்லை. 123 டன் எடையும் 20.562 மீட்டர் நீளமும் உள்ள டபிள்யூ.ஏ.பி.-7 எஞ்சினின் இழுவிசையோ பிரேக்கோ அவன் தூரிகையால் இம்மியும் மாறாது.

ஆனால் துண்டுகளை அடுக்குவதில் உடலைச் செய்தவர் கையாண்ட சிக்கனம், பின்னால் வருபவனுக்குப் பெரிய சங்கடமாக முடிவதுண்டு. எஞ்சினின் இடப்பக்கமும் வலப்பக்கமும் ஒன்றுபோலவே இருப்பதால், சித்திரத்தில் ஒரே ஒரு பக்கச் சுவரை மட்டும் வரைந்து, அதையே கண்ணாடிப் பிரதிபிம்பமாகத் திருப்பி மறுபக்கத்துக்கும் போர்த்திவிடுவது அக்காலத்து வழக்கம். நினைவக இடம் பாதி மிச்சமாகும். எங்கள் அடுக்கில் குடியிருக்கும் கல்லூரி மாணவன் ஒருவன், ராயபுரம் ஷெட்டின் எஞ்சின் ஒன்றைத் தமிழ்நாடு எக்ஸ்பிரஸுக்கென்று சிரத்தையாக வர்ணம் தீட்டி, முதல் ஓட்டத்தைக் காண என்னை அழைத்தான். பிளாட்பாரத்தின் பக்கமிருந்து பார்க்க வெகு நேர்த்தியாக இருந்தது. காமிராவை மறுபக்கம் திருப்பியவன், “இங்க பாருங்க மாமா, நம்பரெல்லாம் கண்ணாடியில பார்க்கிற மாதிரி திரும்பியிருக்கு” என்று வாடிய முகத்துடன் சொன்னான். 30 என்று தொடங்க வேண்டிய எண், வலமிருந்து இடமாக, மூன்றின் வாய் மறுதிசை நோக்கியவாறு நின்றது. வர்ணத்தில் பிழையில்லை, உடலின் அமைப்பே அப்படி. இதற்குப் பரிகாரம் இரண்டே. எண்ணையும் ஷெட்டின் பெயரையும் மட்டும் தாங்கும் சிறு பலகைகளைத் தனி உறுப்பாக உடலைச் செய்தவர் வைத்திருந்தால் அவற்றில் எழுதலாம். இல்லையேல், இரு பக்கங்களுக்கும் தனித்தனி இடம் ஒதுக்கி அமைக்கும்படி அவரையே வேண்டிக்கொள்ள வேண்டும். எந்த எஞ்சினுக்கு வர்ணம் பூசத் தொடங்கினாலும், முதலில் சித்திரத்தின்மேல் பெரிய எழுத்தில் எதையாவது எழுதி, விளையாட்டில் ஏற்றி, நான்கு புறமும் சுற்றிப் பார்த்துவிட்டு அப்புறம் வேலையைத் தொடங்குவது உத்தமம்.

அடுத்த தடை, சித்திரத்தின் நுண்மைக்கு உள்ள எல்லை. பழைய விளையாட்டில் சித்திரத்தின் பக்கங்கள் 256, 512, 1024 என்று இரண்டின் அடுக்குகளாக அமைய வேண்டும். 20 மீட்டருக்குச் சற்று மேற்பட்ட எஞ்சினின் பக்கச் சுவரை 1024 புள்ளிகளில் விரித்தால், ஒரு புள்ளிக்கு ஏறக்குறைய 2 சென்டிமீட்டர் கிடைக்கும். முப்பது சென்டிமீட்டர் உயரமுள்ள எண், பதினைந்து புள்ளிகளில் தெளிவாகவே தெரியும். ஐந்து சென்டிமீட்டர் உயரத்தில் மூலையில் எழுதப்பட்ட வாசகத்துக்குக் கிடைப்பதோ இரண்டரைப் புள்ளி, அதில் எந்த மொழியையும் எழுத முடியாது. இது கைத்திறமையின் குறையன்று, அளவின் நியதி. 2048 புள்ளிச் சித்திரத்தை ஏற்கும் ஓப்பன் ரெயில்ஸில் ஒரு புள்ளி ஒரு சென்டிமீட்டராகச் சுருங்குவதால், முன்பு தெரியாத பல நுட்பங்கள் தெரியத் தொடங்கும்.

இதனினும் சூக்ஷ்மமானது, சித்திரத்தைச் சுருக்கிச் சேமிக்கும் முறை. 1024-க்கு 1024 புள்ளிகள் கொண்ட சித்திரத்தை, புள்ளிக்கு மூன்று பைட் வீதம் அப்படியே வைத்தால் 3 மெகாபைட் ஆகும், டி.எக்ஸ்.டி.-1 என்னும் முறை அதை அரை மெகாபைட்டாக, அதாவது ஆறில் ஒரு பங்காகக் குறைத்துவிடும். அது செய்யும் தந்திரம் இது: சித்திரத்தை நாலுக்கு நாலு புள்ளிக் கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்துக்கும் இரண்டே இரண்டு நிறங்களை எழுதி வைத்துக்கொள்கிறது, அவ்விரண்டுக்கும் இடைப்பட்ட இரண்டு கலவை நிறங்களைத் தானே கணக்கிட்டுக்கொண்டு, கட்டத்திலுள்ள பதினாறு புள்ளிகளையும் இந்த நான்கு நிறங்களுள் ஒன்றாக ஆக்கிவிடுகிறது. ஆகாயமும் புல்வெளியும் இதனால் கெடுவதில்லை. சிவப்புச் சுவரும் வெள்ளைப் பட்டையும், அவற்றுக்கிடையே மெல்லிய கருங்கோடும் ஒரே கட்டத்துக்குள் வந்து சேர்ந்தால் மட்டும், மூன்று நிறங்களும் ஒரே நேர்கோட்டில் அமையாமையால், ஏதேனும் ஒன்று பலியாகி, கோட்டின் ஓரம் சேறு பூசினாற்போலக் கலங்கிவிடும். நம் எஞ்சின்களின் அழகெல்லாம் அந்தப் பட்டைகளின் கூர்மையில்தான் இருக்கிறது என்பதை எண்ணினால், இது சிறிய நஷ்டமன்று. பட்டையின் விளிம்பை நான்கின் மடங்கான வரிசையில் நிறுத்தினால் அது கட்டத்தின் எல்லையோடு பொருந்தி, கலக்கம் பெரும்பாலும் நீங்கிவிடும். ஒரு புள்ளி மேலே, ஒரு புள்ளி கீழே என்று நகர்த்தும் இந்தப் பொறுமை உள்ளவனுடைய எஞ்சினையும் இல்லாதவனுடைய எஞ்சினையும் பார்த்த மாத்திரத்திலேயே வேறுபடுத்திவிடலாம்.

தொலைவில் செல்லும் ரயிலின் காற்றுச் சல்லடைகளும் மெல்லிய கோடுகளும் மினுமினுக்காமல் இருக்க, ஒரே சித்திரத்தைப் பாதி, கால், அரைக்கால் என்று குறுக்கிக்கொண்டே போன அடுக்கு ஒன்றை உடன் சேமிப்பார்கள்; லான்ஸ் வில்லியம்ஸ் 1983-இல் வெளியிட்ட இந்த முறைக்கு, மூலச் சித்திரத்தின் மூன்றில் ஒரு பங்கு இடமே கூடுதலாகப் பிடிக்கும். சித்திரத்தைச் சேமிக்கும்போது இந்த அடுக்கை உண்டாக்க மறந்துவிடக் கூடாது. ஜன்னல் கண்ணாடிகளின் ஊடுருவலைக் குறிக்கும் ‘ஆல்ஃபா’ என்ற நான்காவது பகுதியையும் மூலத்தில் உள்ளவாறே காப்பாற்ற வேண்டும். அதை இழந்த எஞ்சினில் லோகோ பைலட்டின் ஜன்னல், பலகை வைத்து அடைத்ததுபோல் இருண்டுவிடும்.

வர்ணத்தைத் தேர்வதில்தான் மிகுந்த விவேகம் வேண்டியிருக்கிறது. புகைப்படத்திலிருந்து நிறத்தை அப்படியே எடுத்துக்கொண்டால் போதும் என்று பலர் எண்ணுகிறார்கள். ஆனால் ஜூன் மாத நண்பகலில் புதுதில்லி ஸ்டேஷனில் எடுத்த படத்தில் வெளிறித் தோன்றும் அதே சிவப்பு, ஜனவரி மாத மூடுபனியில் பழுப்பாகவும் சாம்பலாகவும் விழுகிறது. நம் கண்ணும் மூளையும் ஒளியின் சாயலைத் தாமே கழித்துவிட்டுப் பொருளின் நிறத்தை உணரும் ஆற்றல் பெற்றவை, காமிராவுக்கு அந்த ஆற்றல் குறைவு. மேலும், சிமுலேட்டரில் ஒரு சூரியன் உண்டு. காலை, மாலை, இரவு என்று அது தன் ஒளியைத் தானே வீசுகிறது. புகைப்படத்தில் விழுந்திருந்த வெயிலும் நிழலும் சித்திரத்தோடு வந்துவிட்டால், அந்த எஞ்சினுக்கு இரண்டு சூரியன்கள் ஏற்பட்டுவிடும்; நள்ளிரவில் இட்டார்சியைக் கடக்கும்போதும் அதன் பக்கச் சுவரில் தில்லியின் காலை வெயில் ஒட்டிக்கொண்டிருக்கும். ஆகையால், பல வேளைகளில் எடுத்த படங்களை ஒப்புநோக்கி, ஒளி நீங்கிய வர்ணத்தை மட்டும் ஊகித்துத் தீட்டுவதே முறை. இன்னொரு நுட்பமும் உண்டு. நிறத்தின் பிரகாசம் 0 முதல் 255 வரையுள்ள எண்களால் குறிக்கப்பட்டாலும், நடுவிலுள்ள 128 என்பது பாதி ஒளியைக் குறிப்பதில்லை; ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்று மேற்பட்ட ஒளியைத்தான் குறிக்கிறது. இருளில் நுண்ணிய வேறுபாடுகளை உணரும் நம் கண்ணின் இயல்புக்கேற்ப எண்களை அவ்வாறு பங்கிட்டிருக்கிறார்கள். இதை அறியாமல் எண்களைப் பாதியாக்கி நிழல் உண்டாக்குபவர், நினைத்ததைவிட மிகக் கருமையான நிழலைப் பெற்றுத் திகைப்பார்.

இனி, பூசிய வர்ணத்தை விளையாட்டில் நிறுவும் கிரமம். ‘டிரெயின்ஸ்’ என்ற ஃபோல்டருக்குள், ஒவ்வொரு எஞ்சினுக்கும் ஒரு தனி ஃபோல்டராக அடங்கிய ‘டிரெயின்செட்’டும், முழு வண்டிகளின் வரிசையைக் குறித்த ‘கான்சிஸ்ட்ஸ்’ஸும் இருக்கின்றன. எஞ்சினின் ஃபோல்டருக்குள் மூன்று வகைக் கோப்புகள் முக்கியமானவை: எடை, சக்தி, பிரேக் முதலிய குணங்களைச் சொல்லும் ஈ.என்.ஜி. கோப்பு, உடலின் வடிவத்தைத் தாங்கும் எஸ் கோப்பு, தோலாகிய ஏஸ் கோப்புகள். ஈ.என்.ஜி. கோப்பு உடலைப் பெயர் சொல்லி அழைக்கிறது. உடல் தன் தோலைப் பெயர் சொல்லி அழைக்கிறது. கான்சிஸ்ட் கோப்போ எஞ்சினின் பெயரையும் அது வசிக்கும் ஃபோல்டரின் பெயரையும் சேர்த்தே அழைக்கிறது. இந்த அழைப்புச் சங்கிலியில் ஓரெழுத்து மாறினாலும் வண்டி கிளம்பாது. அல்லது எஞ்சின் இல்லாமல் பெட்டிகள் மட்டும் பாதையில் நிற்கும்.

எனவே, மூல எஞ்சினின் ஃபோல்டரைத் தொடாமல், அதற்கு முழுப் பிரதி ஒன்று எடுத்து, அந்தப் பிரதிக்கு ஷெட்டும் எண்ணும் விளங்கும்படி புதுப் பெயர் சூட்ட வேண்டும். பிரதியில் உள்ள பழைய ஏஸ் கோப்புகளின் இடத்தில், பெயர் மாறாமல், புதிய ஏஸ் கோப்புகளை வைக்க வேண்டும். உடல் பழைய பெயரைச் சொல்லித்தான் தோலைக் கூப்பிடும் என்பதை மறந்துவிட்டு, அழகான புதுப் பெயரைச் சூட்டுபவர்களின் எஞ்சின் நிறமின்றி வெளுத்துத் தோன்றும். பிறகு ஈ.என்.ஜி. கோப்புக்குப் புதிய பெயர் இட்டு, அதனுள்ளேயும் எஞ்சினின் பெயர் வரும் இடங்களைத் திருத்தி, யூனிகோட் முறையிலேயே சேமிக்க வேண்டும். சாதாரண எழுத்து முறையில் சேமித்தால் பழைய விளையாட்டு அந்தக் கோப்பைப் படிக்க மறுக்கும். கடைசியாக, கான்சிஸ்ட் ஒன்றை அமைத்து, அதில் புதிய எஞ்சினையும் அதன் பின்னால் பெட்டிகளையும் வரிசைப்படுத்தினால் வேலை முடிந்தது. ஆஸ்திரேலியாவில் பிறந்த ‘டிரெயின்ஸ்’ என்ற மற்றொரு சிமுலேட்டரில், ஃபோல்டரின் பெயருக்குப் பதிலாக, ஒவ்வொரு பொருளுக்கும் தனித்த ஓர் அடையாள எண் வழங்கப்படுகிறது. புதுத் தோல், மூல எஞ்சினின் எண்ணைச் சுட்டி அதன் உடலை இரவல் வாங்கிக்கொள்கிறது. பிழை நேர இடம் குறைவு என்ற வகையில் அது மேலான ஏற்பாடு.

இரவல் என்று சொன்னேன். அதில் ஒரு தர்மம் இருக்கிறது. உடலைச் செய்தவர் மாதக் கணக்கில் வரைபடங்களையும் அளவுகளையும் தேடி உழைத்திருப்பார். சிலர் அதை இலவசமாகத் தந்திருப்பார்கள், சிலர் விலைக்கு விற்றிருப்பார்கள். வர்ணம் பூசியவன் தான் பூசிய சித்திரங்களுக்கே உரியவன். உடலுக்கு உரியவன் அல்லன். ஆகவே நல்ல ரீபெயிண்ட் பொட்டலத்தில் சித்திரங்களும் நிறுவும் குறிப்பும் மாத்திரமே இருக்கும். மூல எஞ்சினை, பொட்டலத்தைப் பெறுபவர் முறைப்படி அதன் ஆசிரியரிடமிருந்தே பெற்றுக்கொள்வார். பெயரை நீக்கிவிட்டு, பிறர் செய்த உடலையும் சேர்த்துத் தம்முடையதாகப் பகிரும் வழக்கத்தை எவ்விதத்திலும் ஆதரிக்க இயலாது. அதனால் மனம் வெறுத்துத் தம் வேலையையே நிறுத்திக்கொண்ட கலைஞர்களால் நஷ்டமடைவது நாம்தான்.

இவ்வளவு சிரமம் எதற்கு என்று கேட்பவர்களுக்கு, நிஜ ரயில்களின் வர்ணம் எவ்வளவு விரைவாக மறைகிறது என்பதைச் சொன்னால் போதும். செங்கல் சிவப்பு நிறத்தில் ஓடிய நம் பெட்டிகள், 1990-களில் காற்று பிரேக் பொருத்தப்பட்டவை என்பதற்கு அடையாளமாக நீலத்துக்கு மாறின. பின்னர் அந்த நீலமும் குறைந்து, சிவப்பும் சாம்பலும் பரவின. 2019 பிப்ரவரியில் வெள்ளையும் நீலமுமாகப் புறப்பட்ட வந்தே பாரத் ரயிலுக்கு 2023-இல் காவி நிறப் பதிப்பு வந்துவிட்டது. இரண்டும் சென்னைப் பெரம்பூர் ஐ.சி.எஃப். தொழிற்சாலையிலிருந்து வந்தவையே. அதே பெரம்பூரில், 1856-இல் தோன்றிய லோகோ ஒர்க்ஸ் பணிமனைக்கு மின்சார எஞ்சின் ஒன்று பெரும் பராமரிப்புக்காகச் செல்லும்போது, பழைய பூச்சைச் சுரண்டி, பட்டி பார்த்து, பிரைமர் அடித்து, மேலே புது வர்ணம் ஏற்றுகிறார்கள். எஞ்சினுக்கு அது ஆயுள் விருத்தி. பழைய கோலத்துக்கோ அன்றோடு முடிவு. ஒரு ஷெட்டின் தொழிலாளர்கள் தம் கைப்பட எழுதிய பெயரும், ஓரத்தில் தீட்டிய பூவும், தனியார் விளம்பரம் ஒட்டப்பட்டு ஓடிய சில மாதக் கோலமும் எந்த அரசாங்கப் பதிவேட்டிலும் ஏறுவதில்லை. அவற்றைப் பிடித்து வைத்திருப்பவை பிளாட்பாரத்தில் யாரோ எடுத்த புகைப்படங்களும், அவற்றைக் கொண்டு யாரோ தீட்டிய ரீபெயிண்டுகளுமே. புகைப்படம் ஒரு பக்கத்தை மட்டும் காட்டும். ரீபெயிண்டோ எஞ்சினைச் சுற்றிவரச் செய்து, கூரையையும் முகப்பையும், பிரேக் கட்டையின் இரும்புத் தூசி படிந்து பழுப்பேறிய சக்கரச் சட்டத்தையும் சேர்த்துக் காட்டும்.

அந்தக் காரணத்தினாலேயே, ரீபெயிண்ட் செய்யும் இளைஞர்களிடம் ஒன்று வேண்டிக்கொள்கிறேன். உங்கள் பொட்டலத்தில் வைக்கும் குறிப்புக் கோப்பில், எப்படி நிறுவுவது என்பதோடு நிறுத்திவிடாதீர்கள். அந்த எஞ்சினின் எண், ஷெட், எந்த ஸ்டேஷனில் எந்த மாதம் எந்த ஆண்டு எடுத்த படத்தைப் பார்த்துத் தீட்டினீர்கள் என்பது, படத்தில் தெரியாமல் நீங்களாக ஊகித்துப் பூசிய பகுதிகள் எவை என்பது, மூல உடலைச் செய்தவரின் பெயர் ஆகிய இவற்றையும் நாலு வரியில் தமிழிலேயே எழுதி வையுங்கள்.